நானூற்று ஏழு அடி மலையைத் திருடிய பால்காரர்

ஊரார் பால்காரரைச் சந்தேகப்படுவது உலக வழக்கம். சன்னாசி பதிலுக்கு ஊராரைச் சந்தேகப்பட்டு வந்தார். ஈப்போவில் பதினொரு வருஷம் பால் ஊற்றியதில் அவர் தெரிந்துகொண்ட உண்மை ஒன்றே ஒன்றுதான்: "என்ன சன்னாசி, சௌக்கியமா?" என்று எவன் பல்லைக் காட்டுகிறானோ, அவன் கொசுறு கேட்கப் போகிறான்.

ஆகவே 1926ஆம் வருஷம் ஜூன் மாதம் சர்க்கார் முத்திரை குத்திய நீளக் கடிதம் ஒன்று வந்தபோது அவர் அதைப் பிரிக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு, இரண்டு நாள் எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன பாம்பா, கொத்துறதுக்கு?" என்றாள் அவர் மனைவி மங்களம். "யார்ட்டயாச்சும் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

"சும்மா வர்ற கடுதாசியா இது? எவனோ மொட்டைப் பெட்டிசன் போட்டிருக்கான். உன் தம்பியா இருக்கும்."

"எந்தம்பி பாகான் செராயில நாத்து நட்டுக்கிட்டு இருக்கான். அவனுக்குக் கையெழுத்தே போட வராது."

"அதான் சொல்றேன். ஆள வெச்சு எழுதியிருக்கான்."

விஷயம் இதுதான். ஈப்போவுக்கு வெளியே, தமிழர்கள் காக்காத் தோட்டம் என்று பேர் வைத்திருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்று, ரப்பர் விலை படுத்த வருஷத்தில் மூடிப்போனது. அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்த சன்னாசி இரண்டு ஏக்கர் வாங்கினார். அதில் ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீடு, ஒரு கொட்டகை, ஆறு மாடுகள், மங்களம். கையில் இருந்தது தற்காலிகச் சீட்டு. நிலம் நிரந்தரமாகத் தன்னுடையது என்று சொல்லும் கிராண்டுக்கு மனுப் போட்டிருந்தார். கிராண்டு வந்தால் நிலம். வராவிட்டால் ஆறு மாட்டையும் மங்களத்தையும் ஓட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு, முத்திரையைக் காட்டி விசாரித்து, வரைபடத் திருத்த ஆபீசுக்குப் போனார். ஆற்றங்கரையில் மஞ்சள் சுண்ணாம்பு பூசிய கட்டடம். நடையில் பழைய படங்கள் கண்ணாடி போட்டு வரிசையாய்த் தொங்கின. ஒன்றில் பேராக் மாநிலமே ஒரு தீவாக இருந்தது. அடுத்ததில் நடுவே ஒரு மகா ஏரி. மூன்றாவதில் கடலோரமாக மீன்வால் வைத்த பெண் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். சன்னாசி அந்தப் பெண்ணை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கார்த்திகேசு கடிதத்தைக் கையில் வாங்காமல், மேசைமேல் வைக்கச் சொல்லிப் படித்தார்.

"உன் நிலம் 1147ஆம் நம்பர். அது புக்கிட் பெட்டிகுரூ என்னும் மலையின் மேல்சரிவில் இருக்கிறது. மலையின் உயரம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. மேல்சரிவில் மனிதர் குடியிருப்பதும் மாடு மேய்ப்பதும் கூடாது. மண் சரியும். தொண்ணூறு நாளைக்குள் நீ கீழே இறங்கிவிட வேண்டும்."

"எங்கேருந்துங்க?"

"மலையிலிருந்து."

"எந்த மலைங்க?"

"நீ குடியிருக்கும் மலை."

சன்னாசி உள்ளங்கையைத் தட்டையாக விரித்துக் காட்டினார். "அய்யா, எங்க எடம் தட்டையா இருக்குங்க. பால் கறந்து வாளியத் தரையில வெச்சா ஒரு சொட்டு சாயாது."

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிக்காத ஜனங்களுக்கு விளக்கம் சொல்லுமுன் அவர் எப்போதும் அதைத் துடைப்பார். "இந்த ஆபீஸ் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் என்ன இருந்தது தெரியுமா? வெறும் நிலம். அவனவன் கால் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் வந்துதான் அந்த அறியாமையைப் போக்கினோம். நடையில் படங்களைப் பார்த்தாயல்லவா? எல்லாம் அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்தவை."

"ஏரி?"

"அந்தக் காலத்தில் இருந்தது."

"அந்தப் பொம்பள?"

"அது எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லை," என்றார் கார்த்திகேசு.

மலை கிடையாது என்று சன்னாசி சாதிக்கவே, பெரிய துரையே நேரில் ஏறிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. துரையின் பேர் ஹார்கிரீவ். ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆணி அடித்த பூட்ஸ், இரண்டு சுருள் கயிறு, மடக்கு நாற்காலி, உயரம் காட்டும் கருவி, சாப்பாட்டுக் கூடை, நாலு கூலிகள் சகிதம் அவர் வந்திறங்கினார். பின்னால் கார்த்திகேசு குடையோடு. அவருக்கும் பின்னால், படச்சுருளைக் கட்டிக்கொண்டு, படம் வரையும் கிராணி பெரியநாயகம். அவர் மட்டும் ஏனோ தரையைப் பார்த்தபடியே நடந்தார். சன்னாசி அதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

துரை தரையைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து நடந்தார். படத்தில் மலையைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது கார்த்திகேசு உரக்கச் சொன்னார்.

"நூறு அடி, துவான்!"

துரை நின்று இளைப்பாறினார்.

"இருநூறு அடி!"

மடக்கு நாற்காலியைப் போட்டார்கள். துரை தேநீர் குடித்தார். இந்த உயரத்தில் காற்றே தனி என்றார். கருவியின் முள் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. உச்சியை நெருங்க நெருங்கக் கருவிகளுக்கு மந்தம் தட்டுவது விஞ்ஞானம் அறிந்ததே என்று அதற்கும் விளக்கம் வந்தது. முந்நூறு அடியில் துரை நெற்றிக்குக் கைகொடுத்து எதிரே விரிந்த காட்சியை மெய்மறந்து பார்த்தார். எதிரே மங்களம் சேலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனை படித்த மனிதர்கள் ஒருசேர மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் சன்னாசிக்கு முதல் தடவையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஐந்து வருஷமாக நாம்தான் தெரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோமோ? சாயங்காலம் முழங்கால் வலிப்பது அதனால்தானோ? கறுப்பு மாட்டுக்கு இழுப்பு என்று வைத்தியம் பார்த்ததெல்லாம் வீண்தானோ?

படத்தில் உச்சிக்கு ஒரு முக்கோணம் போட்டிருந்தது. கூலிகள் கயிறு பிடித்து அளந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குவியல். துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதில் ஏறினார். முழங்கால் வரை இறங்கினார். இருந்தாலும் கொடியை நட்டுவிட்டார்.

அளந்து பார்த்ததில் ஐந்து அடி.

ஒரு மாடு கத்திற்று. கார்த்திகேசு பென்சிலை நாக்கில் தொட்டுக் கழித்துப் பார்த்து, மிகவும் தாழ்ந்த குரலில், "துவான், நானூற்று ஏழு அடியைக் காணோம்," என்றார்.

வேறு ஊராக இருந்தால் படம் தப்பு என்று சொல்லியிருப்பார்கள். ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கில் அப்படிச் சொல்ல அவசியமே இல்லை. இங்கே மலைகள் காணாமல் போவது வாடிக்கை. சீன முதலாளிகளான தௌக்கேமார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் குன்றுகளைச் சேறாக்கி, அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மீதியை ஆற்றில் விடுவார்கள். ஆனால் அதற்கு லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஒரு மலை போயிருக்கிறதென்றால்?

எல்லோரும் சன்னாசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மலை மேல இருந்தது யாரு? நீ. மலையக் காணோம். யார்கிட்ட கேக்கிறது?" என்றார் கார்த்திகேசு. பதற்றத்தில் அவருக்கே பேச்சு வழக்கு வந்துவிட்டது.

விசாரணை அடுத்த வாரம் ஆபீசில் நடந்தது. மேசைமேல் சாட்சியப் பொருளாக மங்களத்தின் மரத்தட்டு. ஈய மணல் அலசும் டூலாங் தட்டு மாதிரியே அது வட்டமாக இருந்ததுதான் குற்றம்.

"இது என்ன?" என்றார் கார்த்திகேசு.

"அரிசி களையிற தட்டு," என்றாள் மங்களம்.

"இதில் மலையை அலசினாயா?"

"நல்லா இருக்குதய்யா ஞாயம்! நானூறு அடி மலைய நான் இதுல அலசிக்கிட்டு ஒக்காந்திருந்தா ஒலைல எப்ப அரிசி போடறது?"

கார்த்திகேசு எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "நேரமில்லை என்று மட்டுமே சாட்சி கூறினாள். அலசவில்லை என்று கூறவில்லை."

பிறகு சன்னாசியிடம் திரும்பினார். "மலையை அலசத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போனது? உன் பாலில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வேறொரு கேஸ். சன்னாசி வாயை மூடிக்கொண்டார். மௌனம் ஒப்புதலாகப் பதிவாயிற்று.

கடைசியில் துரை எழுந்தார். அவர் சொன்னதைக் கார்த்திகேசு மொழிபெயர்த்தார். "துரை கருணையுள்ளவர். உனக்கு இரண்டு வழி தருகிறார். மலை இருக்கிறது என்றால், மேல்சரிவில் குடியிருந்த குற்றத்துக்காக நிலத்தை விட்டுப் போ. மலை இல்லை என்றால், அதைத் திருடிய குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போ. நிலம் தானாகவே எங்களிடம் வந்துவிடும். எதுவென்று ஒரு வாரத்தில் யோசித்துச் சொல். எங்கள் ஆபீஸ் யாரையும் அவசரப்படுத்துவதில்லை."

வாசலில் பெரியநாயகம் நின்றிருந்தார். "தம்பி, ஒரு காப்பி குடிப்போமா?" என்றார். சிரித்தபடி கேட்கவில்லை. அதனாலேயே சன்னாசி போனார்.

ஹைலாம் சீனரின் காப்பிக்கடையில் பெரியநாயகம் காப்பியைத் தட்டில் ஊற்றினார், திரும்பக் கோப்பையில் ஊற்றினார், மறுபடி தட்டில் ஊற்றினார். குடிக்கவில்லை.

"அந்த மலைய வரைஞ்சது நாந்தான்," என்றார்.

"தெரியும்ணே. அன்னைக்கு நீங்க மட்டுந்தான் மூச்சு வாங்கல."

"எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். பெரிய துரை வேலை முடிஞ்சு சீமைக்குப் போறப்ப அவர் பேர ஒரு மலைக்கு வெப்போம். மாலை, போட்டோ, அப்புறம் மலை. பெட்டிகுரூ துரை போறப்ப பாத்தா ஒரு மலையும் மிச்சமில்ல. எல்லாத்துக்கும் பேர் வெச்சாச்சு. பேர் வெச்சதுல ரெண்ட ஈயத்துக்குக் கரைச்சிட்டானுங்க. அந்த ரெண்டு துரைமாருக்கும் மலை போன சங்கதியே இன்னும் தெரியாது. மறுநாள் காலைல பிரிவுபசாரம். 'பெரியநாயகம், ஏதாச்சும் செய்யி'ன்னார் கார்த்திகேசு. காக்காத் தோட்டத்துப் பக்கம் ஒரு ஓரம் வெள்ளையா கெடந்துச்சு. எவன் போகப் போறான்னு..."

"போட்டுட்டீங்க."

"போட்டுட்டேன்." பெரியநாயகம் நிமிர்ந்தார். குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். முப்பது வருஷமா வரையிறேன். அது மாதிரி மலை எனக்கு அமைஞ்சதே இல்ல. மேக்கால சரிவு அப்படியே இறங்கும் பாரு... நெசமான மலையெல்லாம் கோணல்மாணலா இருக்கும், ஒழுங்கா ஒக்காராது. பெட்டிகுரூ துரை அதக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கார். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு எழுதுவார், மலை எப்படி இருக்குன்னு. சௌக்கியம்னு நாந்தான் பதில் போடுவேன்."

"துரைக்கிட்ட உண்மையச் சொல்லுங்கண்ணே."

"சொல்லலாம். மறுநாளே வேலை போயிரும். எனக்கு இன்னும் அஞ்சு மாசம் சர்வீசு. வீட்டுல எம் பொஞ்சாதி இருதயமேரி படுத்த படுக்கை." காப்பியை இன்னொரு தடவை தட்டுக்கு மாற்றினார். "நீ சொல்லு தம்பி. ஒன் நெலம். நீ சொன்னா நான் மறுக்க மாட்டேன். என்ன சொல்றே?"

சன்னாசிக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். ஆனால் பதினொரு வருஷத்தில் தன்னிடம் உண்மை சொன்ன முதல் ஈப்போக்காரர் இவர். அவரையும் காட்டிக்கொடுத்தால் அப்புறம் யாரைத்தான் நம்புவது என்றே தெரியாமல் போய்விடும். "காப்பி ஆறிடுச்சு, குடிங்கண்ணே," என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ஆபீசில் போய் நின்றார். "துவான், மலைய நாந்தான் எடுத்தேன்."

மங்களம் தலையில் அடித்துக்கொண்டாள். பெரியநாயகத்தின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஹார்கிரீவ் துரை மட்டும் மெல்ல எழுந்து வந்து சன்னாசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"துரை என்ன சொல்கிறாரென்றால்," என்றார் கார்த்திகேசு, "முப்பது வருஷத்தில் எங்கள் படத்தை நம்பிய முதல் ஆள் நீதானாம்."

"அலசல துவான். ஈயம் எடுக்கல. முழுசா அப்படியே வெச்சிருக்கேன். திருப்பிக் குடுத்துர்றேன், எங்க வெக்கணும்னு சொல்லுங்க."

இப்படி ஒரு குற்றவாளி அந்த ஆபீசுக்கு வாய்த்ததில்லை. களவு போனது முழுசாகத் திரும்பினால் தண்டனை வெறும் எச்சரிக்கைதான் என்று விதி இருந்தது. படத்தை மேசைமேல் விரித்தார்கள். வடக்கே ஒரு பெரிய பரப்பு வெள்ளையாக இருந்தது. "அங்கே ஆளில்லை, வைத்துவிடு," என்றார் துரை.

சன்னாசி விரலை அங்கே கொண்டுபோனார். வைக்கவில்லை. வெள்ளைக்கு மேலே விரல் அப்படியே நின்றது.

"வெள்ளையா இருந்தா ஆளில்லைன்னு அர்த்தமில்லீங்க," என்றார். "நீங்க போகலைன்னு அர்த்தம். எங்க கொட்டகையும் படத்துல வெள்ளையாத்தான் இருந்துச்சு. எவன் மாடு கட்டியிருக்கானோ, எவ ஒலை வெச்சிருக்காளோ, அவங்க தலைல நான் தூக்கி வெக்க மாட்டேன்."

"பிறகு எங்கேதான் வைப்பாய்?"

"களவுபோன செம்பு கெடச்சா டேசன்லதானே ஒப்படைப்பாங்க? மலை ஒங்களுது. இங்கயே எறக்கிர்றேன்."

கார்த்திகேசு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆபீசுக்குச் சொந்தமான பொருள் மீட்கப்பட்டால் ஆபீசிலேயே சேர்க்கப்பட வேண்டும். பதினேழாம் பிரிவு. மறுக்க வழியே இல்லை. பெரியநாயகம் மூன்று நாள் இருந்து, அதே மலையை, அதே மேற்குச் சரிவோடு, ஆபீஸ் கட்டடத்தின் மேல் வரைந்து முடித்தார். சன்னாசிக்கு ரசீது தரப்பட்டது: "மலை ஒன்று. நானூற்று ஏழு அடி. பழுதின்றிப் பெற்றுக்கொண்டோம். மீதி ஐந்து அடி எரு எனத் தெரியவருவதால் விட்டுக்கொடுக்கப்படுகிறது." இனிமேல் மலை எதையும் எடுப்பதில்லை என்று அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள்.

மேல்சரிவில் குடியிருக்கக் கூடாதென்ற விதி ஆபீசுக்கும் உண்டா என்று மங்களம் கேட்டாள். அது மாடுகளுக்கான விதி என்று விளக்கினார்கள். அடுத்த மாதமே ஆபீஸ் முழுவதற்கும் மலைவாச உத்தியோகஸ்தர்களுக்குரிய கம்பளிக் கோட்டு வந்து சேர்ந்தது. ஈப்போ வெயிலில் கார்த்திகேசு அதைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் கிராண்டு வந்தது. தட்டை நிலம், இரண்டு ஏக்கர், சன்னாசிக்குச் சொந்தம். சன்னாசி அதைக் காப்பிக்கடையில் ஒருவரிடம், செட்டியார் வட்டிக் கிட்டங்கியில் ஒருவரிடம், கோயில் குருக்களிடம் என்று தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தார்கள். மூவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்களோ என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டார். பிறகு தூங்கினார்.

அந்த டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால், இறங்கினது இறங்கினபடி. கிந்தா ஆறு கரையை மறந்தது. நாலாம் நாள் காலையில் காக்காத் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர். சன்னாசி ஆறு மாட்டையும் அவிழ்த்து, கிராண்டை மெழுகுத் துணியில் சுற்றிப் பால் தூக்கில் போட்டு மூடி, மங்களத்தின் தலையில் வைத்து, ரயில் பாதை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

நண்பகலில் பெரியநாயகமும் அங்கே வந்து சேர்ந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். இருதயமேரியை மாதா கோயில் மாடியில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"ஆபீசு?" என்றார் சன்னாசி.

"கூரை மட்டுந்தான் தெரியுது. போலீஸ் படகு கொண்டுபோய்க் கூப்பிட்டாங்க. கார்த்திகேசு சன்னல் வழியா கையாட்டி, 'நாங்க நானூற்று ஏழடி உயரத்துல இருக்கோம், வெள்ளம் இங்க வர விதியில்ல'ன்னுட்டார். அப்புறம் மேசை மேல ஏறி, அலமாரி மேல ஏறி, கடேசில கம்பளிக் கோட்டுக் காலரப் பிடிச்சுத் தூக்கிப் படகுல போட்டாங்க. துரை கோலாலம்பூருக்குத் தந்தி அடிச்சிருக்கார்: வெள்ளம் படத்தப் பாக்காம வந்துட்டதாம்."

சன்னாசி சிரிக்க வாயைத் திறந்தார். எதிரே பார்த்ததும் மூடிக்கொண்டார். வீட்டுக் கூரையின் முகடு மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. கொட்டகையைக் காணோம். இரண்டு ஏக்கரும் அவருடையதுதான், அதில் சந்தேகமில்லை, எழுத்து தூக்கில் பத்திரமாக இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை. ஆறு மாடுகளும் தண்டவாளத்தில் வரிசையாய் நின்று அதே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மங்களம் தூக்கை மடிக்கு இறக்கி, மூடியை இன்னொரு தடவை அழுத்தி வைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"முழு மலையையும் அப்படியே தூக்கிக் குடுத்துட்டு வந்தீங்களே," என்றாள். "ஒரு பத்தடியாச்சும் நமக்குன்னு வெச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்திருக்கக் கூடாதா?"